குரூசேடர் கிங்ஸ் 3ல் பைசாந்திய அரியணை மரபு: மாட் எழுத முழுமையான வழிகாட்டி

பைசாந்தியப் பேரரசில் அடுத்து யார் ஆள வேண்டும் என்று சொல்லும் வாரிசுச் சட்டம் எழுத்தில் இருந்ததே இல்லை. படை ஆர்ப்பரித்து ஏற்க வேண்டும், செனட்டும் தலைநகர மக்களும் ஒப்ப வேண்டும், முதுபெரும் தந்தை (திருச்சபைத் தலைவர்) முடிசூட்ட வேண்டும். பேரரசரின் மகனாகப் பிறந்தது உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

இதைக் குரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டில் கொண்டுவர, புதிதாக மாட் (விளையாட்டின் விதிகளை மாற்றும் கூடுதல் ஃபைல்கள்) எழுத வருபவர்கள் பெரும்பாலும் மூத்த மகன் வாரிசுச் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் நான்கைந்து நிகழ்வுகளை ஒட்டப் பார்க்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் நிகழ்வைத்தான் முதலில் எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும், கண் போனவர் வாரிசு வரிசையில் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். நிகழ்வுகளுக்கு அடியில் அவற்றுக்குப் பொருள் தரும் ஒரு தேர்தல் முறை முதலில் இருந்தாக வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை அதிலிருந்து வருகிறது.

ஃபோல்டர், கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், அடிக்கோடு எங்கே இருக்கிறதோ அங்கே அடிக்கோட்டோடு எழுதுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விஷுவல் ஸ்டூடியோ கோட், அதில் சிடபிள்யூ டூல்ஸ் நீட்சி, தனியாக சிகே3-டைகர் என்ற சரிபார்ப்பு நிரல். மூன்றும் இலவசம். அடைப்புக்குறி விட்டுப்போவது, கட்டளைப் பெயர் தவறுவது போன்றவற்றை விளையாட்டைத் திறக்காமலே இவை காட்டிவிடும்.

ஸ்டீமில் விளையாட்டின் தொடக்க விருப்பத்தில் ஹைஃபன் போட்டு டீபக்_மோட் என்று சேருங்கள். இது இல்லாமல் கன்சோல் (கட்டளை தட்டும் பெட்டி) திறக்காது. திறந்ததும் முதல் வேலையாக ஸ்கிரிப்ட்_டாக்ஸ் என்று தட்டுங்கள். உங்கள் பதிப்பு ஏற்கும் எல்லாக் கட்டளைகளின் பட்டியலும் லாக்ஸ் ஃபோல்டரில் வந்து விழும். விளையாட்டு அடிக்கடி மாறுவதால், பழைய பயிற்சிப் பாடங்களைவிட இந்தப் பட்டியலைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு முடிவும் இப்போதே எடுக்க வேண்டியது. 2024 செப்டம்பரில் வந்த ரோட்ஸ் டு பவர் விரிவாக்கம் பைசாந்தியத்துக்கு நிர்வாக ஆட்சிமுறையையும் ஆர்ப்பரிப்பு வாரிசு முறையையும் தந்துவிட்டது. கீழே உள்ள வழி அந்த விரிவாக்கம் இல்லாமல் ஆடுபவர்களுக்கானது. அது உள்ளவர்கள் என்ன மாற்ற வேண்டும் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன். இரண்டையும் ஒரே மாட்டில் எழுதாதீர்கள். இரண்டு வாரிசு முறைகள் ஒரே பட்டத்துக்கு மோதும், பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2. விதிகளை முதலில் தாளில் எழுதுங்கள்

கோடு (நிரல்) எழுதுமுன், உங்கள் மாட் சரியாகத் தீர்க்க வேண்டிய உண்மை வழக்குகள் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எண்களைத் திருத்தும்போது இவைதான் உரைகல். நான் வைத்துக்கொள்ளும் நான்கு இவை.

1067: பத்தாம் கான்ஸ்டன்டைன் டூகாஸ் இறக்கிறார். மூத்த மகன் மைக்கேல், தந்தை அரியணை ஏறுமுன் பிறந்தவர். இளையவர் கான்ஸ்டான்டியஸ், 1060ல், தந்தை பேரரசரான பிறகு பிறந்தவர். அதாவது அரண்மனையின் ஊதா அறையில் பிறந்த பெருமை இளையவருக்கே உண்டு. இருவருமே இணைப்பேரரசர்களாக முடிசூட்டப்பட்டவர்கள். முன்னுரிமை மைக்கேலுக்குத்தான் கிடைத்தது.

1028: எட்டாம் கான்ஸ்டன்டைனுக்கு மகன் இல்லை. மகள் ஸோயியை மணந்த ரோமானஸ் ஆர்கிரஸ் பேரரசராகிறார். அடுத்து 1034ல் நான்காம் மைக்கேல், 1042ல் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன். இருவருமே அதே ஸோயியை மணந்து அரியணை ஏறியவர்கள்.

1055: ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் இறந்ததும் ஸோயியின் தங்கை தியோடோரா தனியே ஆள்கிறார். அவர் 1042லேயே அக்காவோடு சேர்ந்து ஆண்டவர்.

1143: இரண்டாம் ஜான் கொம்னீனஸ் சிலீசியாவில் மரணப்படுக்கையில், தலைநகரில் இருந்த மூத்தவர் ஐசக்கை விட்டுவிட்டு, தன்னோடு படையில் இருந்த இளையவர் மானுவேலைத் தேர்ந்தெடுக்கிறார்.

இந்த நான்கிலிருந்து விதிகள் தாமாகவே வெளிப்படுகின்றன. முடிசூட்டு பிறப்பைவிடப் பெரியது. சிறுவனைவிட வளர்ந்தவர் மேல். ஊதாவில் பிறந்த பெண்ணின் கணவருக்கு உரிமை உண்டு. இருக்கும் பேரரசரின் சொல்லுக்குத் தனி வலு. இவற்றில் எதையும் தடையாக எழுதக் கூடாது, மதிப்பெண்ணாகத்தான் எழுத வேண்டும். தடை போட்டால், பைசாந்திய வரலாற்றில் அதை மீறிய ஒருவர் எப்படியும் கிடைப்பார்.

3. மாட்டின் எலும்புக்கூடு

விளையாட்டின் லாஞ்சரிலேயே புதிய மாட் உருவாக்கும் வசதி இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள். விவரக் குறிப்பு ஃபைல் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும், லாஞ்சர் அதைச் சரியாகச் செய்துவிடும்.

உள்ளே தேவைப்படும் ஃபோல்டர்கள்: காமன் என்பதற்குள் சக்ஸஷன்_எலெக்ஷன், லாஸ், கேரக்டர்_இன்டராக்ஷன்ஸ், மாடிஃபையர்ஸ், ஆன்_ஆக்ஷன். வெளியே ஈவென்ட்ஸ், லோக்கலைசேஷன். எழுத்துப்பிழை இருந்தால் விளையாட்டு ஒன்றும் சொல்லாது, அந்த ஃபோல்டரைப் படிக்காமலே போய்விடும்.

மூல விளையாட்டின் ஃபைலை முழுதாகப் பிரதியெடுத்து அதே பெயரில் மாற்றுவதைத் தவிருங்கள். அதே பெயர் என்றால் மூல ஃபைல் முழுக்க மறைந்துவிடும், அடுத்த பதிப்பில் அவர்கள் செய்யும் திருத்தம் எதுவும் உங்களுக்கு வராது. புதுப் பெயரில் புதுச் சட்டம் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லா ஃபைல்களையும் யுடிஎஃப்-8 வித் பிஓஎம் குறியாக்கத்தில் சேமியுங்கள். பிஓஎம் இல்லாமல் சேமித்தால் லோக்கலைசேஷன் (திரையில் தெரியும் பெயர்கள் உள்ள ஃபைல்) படிக்கப்படாது, திரையில் சட்டத்தின் பெயருக்குப் பதில் அடிக்கோடு போட்ட சாவிச்சொல்தான் தெரியும். புதியவர்கள் இதைக் கோடில் உள்ள பிழை என்று நினைத்து நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

4. தேர்தல்: யார் வாக்களிக்கிறார்கள், யார் நிற்கிறார்கள்

சக்ஸஷன்_எலெக்ஷன் ஃபோல்டரில் ஒரு தேர்தல் வகை எழுதுகிறோம். அதில் நான்கு பாகங்கள்: வாக்கின் வலு, வேட்பாளர் மதிப்பெண், வாக்காளர்கள், வேட்பாளர்கள். மூல விளையாட்டின் நிலமானியத் தேர்தலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் அமைப்பைப் பார்த்து எழுதுங்கள்.

மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். வேட்பாளர் மதிப்பெண் என்பது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் எண் அல்ல. கணினி ஆடும் ஒவ்வொரு வாக்காளரும் யாருக்கு வாக்களிக்கலாம் என்று எடைபோடும் எண் அது. வெற்றியைத் தீர்மானிப்பது வாக்கின் வலு. மதிப்பெண்ணில் ஒருவருக்கு ஆயிரம் கொடுத்தாலும், வலுவான வாக்கு வைத்திருக்கும் மனித ஆட்டக்காரர் வேறு பக்கம் போட்டால் அதுதான் நிற்கும்.

இந்தப் பிரிவு நமக்கு வசதியானதுதான். 1143 வழக்கை வாக்கின் வலுவால் தீர்க்கலாம். பேரரசரின் வாக்குக்கு மற்ற வாக்காளர்களில் இருவர் மூவருக்குச் சமமான வலு கொடுங்கள். அதற்கு மேல் போனால் பிரபுக்களின் வாக்குக்குப் பொருளே இருக்காது. தலைநகரை ஒட்டிய பெரிய பிரபுக்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வலு.

வாக்காளர்களாகப் பேரரசரையும், டியூக் நிலைக்குக் குறையாத நேரடிக் குடிப் பிரபுக்களையும் சேருங்கள். படைத்தளபதிகளின் குரலுக்கு விளையாட்டில் மிக அருகில் வருபவர்கள் இவர்கள்தான்.

வேட்பாளர்களாக மூன்று கூட்டம்: பேரரசரின் நெருங்கிய குடும்பம், நேரடிப் பிரபுக்கள், பட்டத்துக்கு உரிமைகோரல் உள்ளவர்கள். மூன்றாவது கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். நிலமில்லாத மருமகனுக்கு எத்தனை மதிப்பெண் எழுதினாலும், பட்டியலில் அவர் பெயரே வராவிட்டால் பயனில்லை. ஊதாவில் பிறந்த பெண்ணை ஒருவர் மணக்கும்போது அவருக்கு ஓர் உரிமைகோரலைக் கொடுத்துவிட்டால் பட்டியலுக்குள் வந்துவிடுவார்.

காயடிக்கப்பட்டவர்களை மட்டும் வேட்பாளர் நிபந்தனையிலேயே விலக்கிவிடுங்கள். நான் தடை போடச் சொல்லும் ஒரே இடம் இது. அரண்மனையில் எவ்வளவோ அதிகாரம் வைத்திருந்தும் அவர்களில் ஒருவர்கூடப் பேரரசராகவில்லை. 813ல் முதலாம் மைக்கேலை வீழ்த்தியபோது அவருடைய மகன்களைக் காயடித்ததும் இதற்காகத்தான். அவர்களில் ஒருவர் பின்னால் இக்னேஷியஸ் என்ற பெயரில் முதுபெரும் தந்தையானார். திருச்சபையின் உச்சிக்குப் போக முடிந்தது, அரியணைக்கு முடியவில்லை.

5. மதிப்பெண்கள்

கீழே உள்ளவை நான் தொடங்கும் எண்கள்.

இணைப்பேரரசர்: 150
பேரரசரின் மகன் அல்லது மகள்: 30
ஊதாவில் பிறந்தவர்: 40
ஊதாவில் பிறந்த பெண்ணின் கணவர், அல்லது ஆளும் பேரரசியின் கணவர்: 70
போர்த்திறன் 12க்கு மேல்: 25
16 வயது நிரம்பாதவர்: கழித்தல் 60
பெண்: கழித்தல் 40
கண் இழந்தவர்: கழித்தல் 150
முகம் சிதைக்கப்பட்டவர்: கழித்தல் 60

இவற்றோடு வாக்காளருக்கு அந்த வேட்பாளர் மீதுள்ள அபிப்பிராயத்தில் பாதியைச் சேருங்கள்.

இப்போது 1067ஐப் போட்டுப் பாருங்கள். மைக்கேலுக்கு 150, 30, ஆக 180. கான்ஸ்டான்டியஸுக்கு 150, 30, 40, அதிலிருந்து 60 போக 160. இடைவெளி இருபதுதான். சில பிரபுக்கள் அபிப்பிராயத்தால் இளையவர் பக்கம் சாய்வார்கள், பெரும்பாலோர் மூத்தவருக்கே போடுவார்கள். இந்தச் சிறிய இடைவெளியை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். ஊதாவில் பிறந்ததற்கு 100 கொடுத்தால் ஆறு வயதுப் பையன் எளிதாக வென்றுவிடுவான். புதியவர்களின் மாட்டில் இதுதான் அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் ஊதாப் பிறப்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், முடிசூட்டைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

1028: ஸோயிக்கு 30, 40, அதில் 40 போக 30. அவர் கணவருக்கு 70. சரி. 1055: தியோடோராவுக்கு 40 கூடி 40 கழிந்து ஒன்றுமில்லை, ஆனால் இணை ஆட்சிக்கான 150 அப்படியே இருக்கிறது. அவரை முந்த யாருமில்லை. அதுவும் சரி. பெண் என்பதைத் தடையாக எழுதியிருந்தால் இந்த வழக்கில் மாட் தோற்றிருக்கும்.

ஊதாவில் பிறந்தவருக்கான ட்ரெய்ட் (பாத்திரத்தின் பண்புக்குறி) மூல விளையாட்டிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்று படைக்காதீர்கள். இரண்டு ட்ரெய்ட் ஆகிவிட்டால் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று என்று மதிப்பெண் குழம்பும்.

ஒரு கவனம்: மதிப்பெண் கட்டத்துக்குள் வாக்காளர், வேட்பாளர், ஆளும் பேரரசர் என மூன்று பாத்திரங்கள் இருக்கிறார்கள். ஸ்கோப் (எந்தப் பாத்திரம் என்ற சுட்டு) எதுவும் சொல்லாமல் ட்ரெய்ட்டைச் சோதித்தால், வேட்பாளருக்குப் பதில் வாக்காளரைச் சோதிப்பீர்கள். பிழை லாக்கில் எதுவும் வராது. எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே மதிப்பெண் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

6. சட்டத்தைப் பட்டத்தோடு கட்டுதல்

லாஸ் ஃபோல்டரில், பட்ட வாரிசுச் சட்டங்களின் குழுவில், உங்கள் தேர்தல் வகையைச் சுட்டும் ஒரு சட்டம் எழுதுங்கள். எந்தப் பட்டத்துக்கு இருக்கலாம் என்ற நிபந்தனையில் ஈ_பைசான்டியம் (விளையாட்டில் பைசாந்தியப் பேரரசுப் பட்டத்தின் பெயர்) மட்டும். நிபந்தனை இல்லாமல் விட்டால் ஸ்காட்லாந்து அரசரும் இதை எடுத்துக்கொள்வார்.

ஆட்டம் தொடங்கும்போது ஓடும் ஆன்_ஆக்ஷனில் (ஒன்று நடந்ததும் தானே ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஆட்_டைட்டில்_லா கட்டளையால் சட்டத்தைச் சேருங்கள். மூல ஆன்_ஆக்ஷனுக்குள் நேரடியாக விளைவை எழுதாமல், உங்கள் சொந்த ஆன்_ஆக்ஷன் ஒன்றை எழுதி அதை மூலத்தின் பட்டியலில் இணையுங்கள். அப்போதுதான் மற்ற மாட்களோடு மோதாது.

இது புது ஆட்டத்தில் மட்டுமே ஓடும். பழைய சேவ் ஃபைலைத் திறந்துவிட்டு மாட் வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான்.

7. இணைப்பேரரசரை முடிசூட்டுவது

இதை முடிவாக (டெசிஷன் பட்டியலில் வரும் கட்டளையாக) எழுதாமல், பாத்திரத்தின் மேல் வலது சொடுக்கில் வரும் இன்டராக்ஷனாக எழுதுங்கள். முடிவு என்றால் எந்த மகனுக்கு என்று கேட்கத் தனி நிகழ்வு தேவைப்படும். இன்டராக்ஷனில் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகுதானே கட்டளையே வருகிறது.

விளைவாக, அந்த ஆளுக்கு நிரந்தரமான ஒரு மாடிஃபையரை (பாத்திரத்தின் மேல் தெரியும் குறி) கொடுங்கள். கொடியாக (ஃபிளாக்) வைத்தால் ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாது. தன் தம்பி முடிசூட்டப்பட்டவனா என்று அவருக்குத் தெரிந்தால்தான் பயம் வரும்.

ஒருவருக்கு மேல் முடிசூட்ட அனுமதியுங்கள். முதலாம் பேசில் தன் மகன்களில் மூவருக்கு முடிசூட்டினார். குடும்பத்துக்கு வெளியிலும் அனுமதியுங்கள்: அதே பேசில் 866ல் மூன்றாம் மைக்கேலால் இணைப்பேரரசராக்கப்பட்டவர்தான், அடுத்த ஆண்டு அவரைக் கொன்று அரியணையைப் பிடித்தார். கணினி ஆட்டக்காரர்களுக்கான அதிர்வெண்ணையும் இலக்குப் பட்டியலையும் நிரப்ப மறக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் நீங்கள் மட்டும்தான் முடிசூட்டுவீர்கள், கணினிப் பேரரசர்கள் ஒருவருக்கும் செய்ய மாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடம். பேரரசர் மாறியதும் பழைய இணைப்பேரரசர்களின் மாடிஃபையரைத் துடைத்துவிடும் கோடைப் பலர் எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். 963ல் நிகெஃபோரஸ் ஃபோகாஸ் படையின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தபோது, இறந்த பேரரசர் ரோமானஸின் விதவை தியோஃபனோவை மணந்துகொண்டார். ரோமானஸின் சிறு மகன்கள் பேசிலும் கான்ஸ்டன்டைனும் இணைப்பேரரசர்களாகவே தொடர்ந்தார்கள். 969ல் ஜான் ட்ஸிமிஸ்கெஸ் நிகெஃபோரஸைக் கொன்று வந்தபோதும் தொடர்ந்தார்கள். 976ல் ஜான் இறந்ததும் அந்தப் பேசில்தான் இரண்டாம் பேசிலாக 1025 வரை ஆண்டார். மாடிஃபையரைத் துடைத்திருந்தால் உங்கள் ஆட்டத்தில் இரண்டாம் பேசில் வரவே மாட்டார்.

8. கான்ஸ்டான்டிநோபிள் யார் கையில்

தேர்தல் பேரரசுப் பட்டத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. பழைய பேரரசரின் மற்ற நிலங்கள் வழக்கமான சட்டப்படி அவர் பிள்ளைகளுக்குப் போகும். விளைவு: படைத்தளபதி பேரரசராகிவிடுவார், தலைநகர் பழைய பேரரசரின் மகன் கையில் இருக்கும். நகரத்தைப் பிடிக்காதவர் பேரரசரே அல்ல என்பதுதான் பைசாந்திய நடைமுறை. பார்டாஸ் ஃபோகாஸைப் படை 987ல் பேரரசராக அறிவித்தது. நகரத்துக்குள் நுழைய முடியாமலே 989ல் அபிடோஸில் இறந்தார்.

பட்டம் கைமாறும்போது ஓடும் ஆன்_ஆக்ஷனில் இதைச் சரிசெய்யுங்கள். முதல் நிபந்தனையே பட்டம் ஈ_பைசான்டியமா என்பதாக இருக்கட்டும், ஏனென்றால் உலகில் எந்தப் பட்டம் மாறினாலும் இது ஓடும். விளைவை உடனே ஓட்டாமல், ஒரு நாள் தள்ளி ஒரு மறைநிகழ்வாக ஓட்டுங்கள். மற்ற நிலங்களின் பங்கீடு அதற்குள் முடிந்திருக்கும்.

நில மாற்றத்துக்கு மூன்று கட்டளைகள் இந்த வரிசையில் வேண்டும்: மாற்றத்தைத் தொடங்கும் கட்டளை, பட்டத்தின் உரிமையாளரை மாற்றும் கட்டளை, மாற்றத்தை நிறைவேற்றும் கட்டளை. மூன்றாவதை விட்டால் எதுவும் மாறாது.

பழைய வாரிசுக்குத் தலைநகர் மட்டுமே நிலம் என்றால் அவர் நிலமற்றவராகிவிடுவார். அது மனித ஆட்டக்காரராக இருந்தால் ஆட்டமே முடிந்துவிடும். எனவே அவருக்கு வேறொரு கவுண்டி (சிறு நிலப்பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப் பேரரசரின் நிலத்தில் ஒன்றை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு நகரத்தை எடுங்கள்.

9. கண் பறித்தல், துறவு

இந்த நிகழ்வுகளை இப்போது எழுதலாம். மதிப்பெண் தயாராக இருப்பதால் ட்ரெய்ட்டைச் சேர்த்தாலே போதும். கண் இழந்தவருக்குத் தடை போடாமல் கழித்தல் 150 மட்டும் கொடுத்ததன் காரணம் இரண்டாம் ஐசக் ஆஞ்சலஸ். 1195ல் அண்ணனால் கண் பறிக்கப்பட்டவர், 1203ல் மகனோடு சேர்ந்து மறுபடி அரியணை ஏறினார். மூக்கு அறுக்கப்பட்ட இரண்டாம் ஜஸ்டினியன் 705ல் திரும்பி வந்தார்.

துறவு மடத்துக்கு அனுப்பும் வழியையும் தவறாமல் எழுதுங்கள். 944ல் ரோமானஸ் லெகபேனஸை அவருடைய மகன்கள் ப்ரோட்டே தீவு மடத்துக்கு அனுப்பினார்கள், சில வாரங்களில் அவர்களும் அதே வழியில் போனார்கள். கொல்லாமல் விலக்கும் இந்த வழி இல்லாவிட்டால் கணினி எப்போதும் கொலையையே தேர்ந்தெடுக்கும். இணைப்பேரரசர் மாடிஃபையரை நீக்க வேண்டிய இடமும் இதுதான்.

10. சோதனை

முதலில் எரர் லாக். மாட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி வரும் பிழைகளைத் தனியே வைத்துக்கொண்டால், உங்களுடையவை எவை என்று பிரித்துவிடலாம்.

1066 தொடக்கத்தில் பத்தாம் கான்ஸ்டன்டைனாகத் தொடங்குங்கள். மைக்கேலுக்கும் கான்ஸ்டான்டியஸுக்கும் மாடிஃபையரைக் கொடுத்துவிட்டு, கன்சோலில் கில் கட்டளையோடு உங்கள் பாத்திர எண்ணைத் தட்டுங்கள். டீபக் முறையில் பாத்திரத்தின் மேல் சுட்டியை வைத்தால் எண் தெரியும். மைக்கேல் வர வேண்டும். அடுத்து மைக்கேலின் கண்ணைப் பறித்துவிட்டு அதையே செய்யுங்கள், கான்ஸ்டான்டியஸ் வர வேண்டும். 1178 தொடக்கத்தில் மானுவேலை வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் அப்சர்வ் கட்டளையால் பார்வையாளராக விட்டு நூறு ஆண்டுகள் ஓட்டுங்கள். ஒரே குடும்பம் இடையூறின்றி ஆண்டுகொண்டிருந்தால் இணைப்பேரரசர் மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஒவ்வொரு சாவிலும் வேறு குடும்பம் வந்தால் பேரரசரின் வாக்கு வலுவைக் கூட்டுங்கள். ஒரு தடவையில் ஒரு எண்ணை மட்டுமே மாற்றுங்கள்.

11. ரோட்ஸ் டு பவர் உள்ளவர்களுக்கு

4, 6ஆம் படிகளை விட்டுவிடுங்கள். நிர்வாக ஆட்சிமுறையில் தேர்தலுக்குப் பதில் நியமனம் நடக்கிறது, அதற்கும் ஒரு வேட்பாளர் மதிப்பெண் உண்டு. 5ஆம் படியின் பட்டியலை அதில் சேர்க்கலாம். ஆனால் அங்கே செல்வாக்குப் புள்ளிகளும் மதிப்பெண்ணாக மாறும் என்பதால், எண்களின் அளவை மூல ஃபைலில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு மாற்றுங்கள். விரிவாக்கம் தனக்கென்று இணைப்பேரரசர் முறையையும் வைத்திருக்கிறது. 7ஆம் படியின் இன்டராக்ஷனை எழுதாமல், அந்த நிலையையே மதிப்பெண்ணில் சோதியுங்கள். 8ஆம் படியைச் சேர்க்குமுன், மாட் இல்லாமல் ஒரு பேரரசரைச் சாகவிட்டு நகரம் யாரிடம் போகிறது என்று பாருங்கள். புதுப் பேரரசரிடமே போனால் அந்தப் படி தேவையில்லை.